வலது கைப் பக்கம்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள். காற்று முகத்தில் அடித்தால் எனக்கு ஆகாது. பையை மேலே வைக்கச் சொல்லாதீர்கள், மடியிலேயே இருக்கட்டும். மேலே வைத்த பை இறங்கும்போதும் அங்கேயே இருக்கும் என்று யார் சொல்ல முடியும். உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

அருப்புக்கோட்டைதானே? நானும் அங்கேதான். பஸ்ஸில் பக்கத்து ஆளிடம் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. மில் கோடவுனில் நூல் பெட்டி எண்ணி லாரியில் ஏற்றிவிடுகிற வேலையில் இருந்தவன். எண்ணுகிறவனிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள், கணக்குத் தப்பிவிடும் என்று. அப்படியே பேசாமல் பழகிப்போனேன். ஆனால் இன்றைக்கு ஒரு விஷயத்தை யாரிடமாவது கேட்டாக வேண்டும். உங்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கும் உங்களைத் தெரியாது. அதனால் ஒரு பக்கம் சாயாமல் சொல்வீர்கள்.

ஒரு வீட்டில் மூன்று பேர். நான், என் மகன் தினகரன், மருமகள் சண்முகக்கனி. பேத்தி திருச்சியில் ஹாஸ்டலில் இருக்கிறாள். என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது. எனக்கு எழுபத்தாறு வயது. நானே குளிக்கிறேன், என் வேட்டியை நானே அலசிக் கொடியில் போடுகிறேன், காலையில் கடைத்தெருவரை நடந்து போய்ப் பால் வாங்கி வருகிறேன். ஆக, வீட்டில் படுக்கையில் கிடக்கிற ஆள் யாரும் இல்லை. சரியா?

அப்படி இருக்கும்போது, படுக்கையில் கிடக்கிற வயசாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஒரு பயிற்சி நடத்துகிறார்கள், அதற்கு என் மருமகள் போகிறாள். சனிக்கிழமை மத்தியானம், உறவின்முறை மண்டபத்தில். யாருக்காகப் போகிறாள்?

இதுதான் நான் கேட்டது. தினகரனிடம்தான் முதலில் கேட்டேன்.

"சும்மா கத்துக்கிறாப்பா. இலவசம்தான."

"இலவசம்னா தையல் கிளாஸும் இலவசமாத்தான் நடக்குது. அதுக்குப் போகலியே."

"தையலுக்குக் கண்ணு வலிக்குதாம்" என்று சொல்லிவிட்டு மில்லுக்குச் சைக்கிளை எடுத்துவிட்டான். வீட்டில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அவசரத்தில் அதைக்கூட அவன் பார்க்கவில்லை. பதில் சொல்ல முடியாத ஆள்தான் அப்படி ஓடுவான்.

அதிலிருந்து நான் கவனிக்க ஆரம்பித்தேன். கவனித்தால் ஒவ்வொன்றாகத் தெரிகிறது.

பங்குனி மாதம் எனக்குத் தலைசுற்றல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, 'ஒன்றும் இல்லை, பித்தம்தான்' என்றார். நான் வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். கனி மட்டும் திரும்ப உள்ளே போனாள். கதவு சாத்தியிருந்தது. என் செருப்பு கிடைத்த பிறகும் அவள் வரவில்லை. வந்ததும் கேட்டேன்.

"என்னம்மா இவ்வளவு நேரம்?"

"வேற ஒரு சந்தேகம் கேட்டேன் மாமா."

வேறு ஒரு சந்தேகம். எனக்குக் காட்ட வந்த இடத்தில் வேறு யாருக்கு என்ன சந்தேகம் இருக்க முடியும்?

அடுத்தது, என் அறையை அளந்தாள். நான் பால் வாங்கிக்கொண்டு அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டேன். என் அறை வாசலில் நின்று நிலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாண் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் கட்டில் கிடக்கிற சுவரைச் சாண் போட்டாள். கட்டில் உயரத்தைத் தன் முழங்காலோடு வைத்துப் பார்த்தாள். என்னைக் கண்டதும் துடைப்பத்தை எடுத்துக் கூட்டத் தொடங்கினாள். கூட்டின இடத்தையே கூட்டினாள்.

ஒரு நாள் கூடத்தில் கனி தரையில் படுத்திருந்தாள். இடது கையை உடம்போடு சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தாள். தலைமாட்டில் ஒரு செம்பு. அதை எடுத்துக் குடிக்கப் பார்க்கிறாள், தண்ணீரெல்லாம் கழுத்து வழியாகப் போகிறது. நான் ஜன்னலோடு நின்றுவிட்டேன். வேண்டுதலா, வேறு எதுவுமா என்று புரியவில்லை. நம் பக்கத்தில் இப்படி ஒரு வேண்டுதல் நான் கேள்விப்பட்டதில்லை. பிறகு தோன்றியது, ஒருவேளை என் மாதிரி செய்து பார்க்கிறாளோ என்று. எனக்குக் கை நடுக்கம் கொஞ்சம் உண்டு. ஆனால் நான் ஒரு நாளும் தண்ணீரைக் கழுத்தில் விட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் இருக்கன்குடி கோயிலுக்கு என்று போவாள். சாயங்காலம் வருவாள். நெற்றியில் கோயில் குங்குமம் இருக்காது, பையில் பிரசாதம் இருக்காது. கோயிலுக்குப் போய்விட்டு வெறும் நெற்றியோடு வருகிற பெண்பிள்ளையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கேட்டால், "கூட்டம் மாமா, தூரத்துல நின்னு கும்பிட்டுட்டு வந்துட்டேன்" என்பாள்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தேன். டாக்டர் ஏதோ சொல்லியிருக்கிறார். எனக்கு உள்ளே ஏதோ இருக்கிறது. நான் விழப்போகிறேன், அது இவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. இல்லை என்றால் இன்னொன்று. இன்னும் கொஞ்ச நாளில் என்னைப் படுக்கவைத்துவிட்டு, 'அப்பாவுக்கு முடியலை' என்று ஊரில் சொல்லி, அறையை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். இரண்டில் ஒன்று. மூன்றாவதாக ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாத்திரை அட்டையை எண்ணி வைக்க ஆரம்பித்தேன். ராத்திரிப் பாலை அவள் ஆற்றும்போது பக்கத்தில் நின்றேன். "என்ன மாமா, சீனி வேணுமா?" என்பாள். வேண்டாம் என்பேன். முன்னெல்லாம் அப்படி நின்றதில்லை. ஆனாலும் ஏன் நிற்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

கெட்ட பெண் என்று நான் சொல்ல வரவில்லை. பதினெட்டு வருடத்தில் என் சாப்பாட்டில் உப்பு ஒரு நாள் கூடியதில்லை, ஒரு நாள் குறைந்ததில்லை. நல்ல இடத்துப் பெண். அவள் அம்மா பூரணத்தம்மாள் எட்டயபுரத்தில் இருக்கிறார். முறை தெரிந்தவர். பெண்ணைக் கொடுத்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பேத்தி பிறந்தபோது வந்தார், சடங்குக்கு வந்தார், என் வீட்டுக்காரி இறந்ததற்கு வந்தார். ஒரு வாய்த் தண்ணீர் குடித்தது கிடையாது. பஸ் ஸ்டாண்டில் போய்க் காப்பி குடித்துக்கொள்வாராம். அப்படி ஒரு மரியாதை. என்னோடு நேரில் நின்று பேசியதும் இல்லை. நான் கூடத்தில் இருந்தால் அவர் அடுப்படியில் இருப்பார்.

எதிர்வீட்டு ரத்தினவேல் அப்படி இல்லை. இடுப்பு ஒடிந்த தன் மாமியாரைக் கொண்டுவந்து வீட்டில் வைத்துக்கொண்டான். வாசலில் கட்டிலைப் போட்டு அந்த அம்மாள் கிடக்கும். போன வருடம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் சொன்னேன், "சம்பந்தம் பண்ணுன வீடு என்ன சத்திரமா?" என்று. பொதுவாகச் சொன்னதுதான். தினகரன் தலை நிமிரவில்லை. கனி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள், அவளும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரியான பேச்சுக்கு யார் மறுப்புச் சொல்ல முடியும்.

தைப்பொங்கலுக்கு முன்னால் சம்பந்தியம்மாளுக்கே உடம்பு சரியில்லை என்று தினகரன் சொன்னான். என்ன என்று கேட்டேன். "லேசா வாதம்ப்பா, பார்த்தாச்சு" என்றான். பார்த்தாச்சு என்றால் சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம். நான் அதோடு விட்டுவிட்டேன். அதை எதற்கு இப்போது சொல்கிறேன், இருக்கட்டும், பின்னால் வரும்.

ஒரு சனிக்கிழமை நானே மண்டபத்துக்குப் போய்விட்டேன். உள்ளே போகவில்லை. வாசலில் கல்யாண அறிவிப்பு எழுதுகிற கரும்பலகை இருக்கும், அதைப் படிப்பதுபோல் நின்றேன். உள்ளே ஒரு இரும்புக் கட்டில் போட்டு, சுற்றி ஒரு பத்துப் பன்னிரண்டு பேர். பொம்பளைகள்தான் அதிகம். கனி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பியூலா என்று ஒரு சிஸ்டர், நாசரேத் பக்கத்து ஆள், சத்தமாகப் பேசுகிறவர்.

"நம்மள நாமளே புரட்டிப் பழகியாச்சு. அது பத்தாது. வயசானவங்க உடம்பு வேற, எலும்பு வேற. வீட்டுல இருந்து யாரையாவது கூட்டிட்டு வாங்கன்னா ஒருத்தரும் கூட்டிட்டு வரல."

அப்போது கனி சொன்னாள். திரும்பாமலே சொன்னாள்.

"எங்க மாமா வாசல்ல நிக்கிறாங்க சிஸ்டர்."

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் திரும்பவில்லை. நான் நிற்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது?

எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டார்கள். அத்தனை பேர் பார்த்தால் எனக்கு வாய் வராது. முடியாது என்று சொல்ல நினைத்தேன், அதற்குள் டீக்கடை முனியசாமி வந்து கையைப் பிடித்துவிட்டான். அவன் அம்மாவுக்காகக் கற்றுக்கொள்ள வருகிறவன். "வாங்க அண்ணாச்சி, சும்மா படுக்குறதுதான, நம்ம ஊருல இதுக்குக் கூப்பிட்டா வரமாட்டேன்னு சொல்லுற ஆளு உண்டா" என்றான். சிரித்தார்கள். நான் சட்டையைக் கழற்றாமல் படுத்தேன்.

படுத்துப் பார்த்திருக்கிறீர்களா, அப்படி? கையைக் காலை அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் சிஸ்டர். கூரையில் காற்றாடி மட்டும்தான் தெரியும். தலைக்கு மேலே பேச்சுச் சத்தம் கேட்கும். எந்தக் கை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியாது. திடீரென்று ஒன்று வந்து தோளைப் பிடிக்கும். உடம்பு அப்படியே விறைத்துக்கொள்கிறது. முனியசாமி என்னைப் புரட்டினான், மூட்டை புரட்டுகிற மாதிரி. கழுத்து ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம் போய்விட்டது.

"எப்படி இருந்துச்சு ஐயா?" என்றார் சிஸ்டர்.

நான் காற்றாடியையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

"சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் இவங்களுக்குத் தெரியும். படுத்துக் கெடக்குறவங்க சொல்ல மாட்டாங்க. அவங்களுக்குப் பதிலா நீங்க சொல்லணும்."

சொன்னேன். தோளை மட்டும் பிடித்துத் தள்ளினால் இடுப்பு பின்னால் நின்றுவிடுகிறது, இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று சொன்னேன். தொடுவதற்கு முன்னால் வாயால் சொல்லிவிட்டால் உடம்பு விறைக்காது என்றும் சொன்னேன். முனியசாமி, "அண்ணாச்சி பேசுறாங்கப்பா" என்றான். சிஸ்டர் சிரிக்கவில்லை. நான் சொன்னதையே திரும்ப எல்லாருக்கும் சத்தமாகச் சொன்னார்.

கடைசியாகக் கனி வந்தாள். "மாமா, உங்க வலப்பக்கம் நிக்கிறேன். இடது கையை நெஞ்சு மேல வைக்கிறேன். இப்ப முழங்காலை மடக்குறேன். தோளையும் இடுப்பையும் தொடப்போறேன்" என்றாள். ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றாகச் செய்தாள். நான் புரண்டது எனக்கே தெரியவில்லை. முதுகுக்குத் தலையணை வந்து நின்றது. கெண்டைக்காலுக்குக் கீழே துண்டை மடித்து வைத்தாள், குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நின்றது.

இவ்வளவு நன்றாகச் செய்கிறாளே, எங்கே பழகினாள்? மற்றவர்களெல்லாம் அம்மாவையோ அப்பாவையோ வீட்டில் போட்டுப் பழகுகிறவர்கள், அவர்களுக்கே கை வரவில்லை. இவளுக்கு வீட்டில் ஆளே இல்லை.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். கூப்பிட்டார்கள், போனேன். அதற்கடுத்ததும் போனேன். படுத்துக்கொண்டு பிழை சொல்லுகிற வேலை. செயல்படாத கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு இறங்கிவிடும். தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் தலையை உயர்த்த வேண்டும், தாடையைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் புரை ஏறும். செம்பு, விசிறி, மணி எல்லாம் நல்ல கை இருக்கிற பக்கத்தில் வைக்க வேண்டும். எனக்கு எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. சிஸ்டர் என்னை "நம்ம ஐயா" என்று சொல்ல ஆரம்பித்தார். அது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

போன சனிக்கிழமை கடைசி வகுப்பு. ஒவ்வொருவரையும் எழுப்பி, யாருக்காகக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார்கள். முனியசாமி, "எங்காத்தாவுக்கு. அவ என்னைப் புரட்டுன புரட்டுக்கு நான் இப்ப புரட்டுறேன்" என்றான். கனி முறை வந்தது. எழுந்து நின்றாள். நான் கட்டிலில் கிடக்கிறேன், அவள் முகம் எனக்கு நேரே தெரிகிறது.

"வேண்டியவங்களுக்கு" என்றாள். அதற்கு மேல் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

போதும் என்று தோன்றிவிட்டது. எனக்கு என்ன என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். தினகரன் சொல்ல மாட்டான், டாக்டர் சொல்ல மாட்டார். பெற்ற அம்மாவிடம் அவள் மறைத்திருக்க மாட்டாள். சம்பந்தியம்மாளிடமே போய், உங்கள் மகள் என்னைப் பற்றி என்ன சொன்னாள் என்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். இன்று காலையில், மில்லில் கூட வேலை பார்த்தவர் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நான் பொய் சொல்வது அபூர்வம். கனி முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "சாப்பிட்டுட்டு வருவீங்களா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

வெறுங்கையோடு போகக் கூடாது என்று சேவு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். எட்டயபுரத்தில் வீடு தெரியும், கல்யாணத்துக்குப் போனது. கதவு சாத்தியிருந்தது, கொண்டி போடவில்லை. சம்பந்தியம்மாளின் மகனும் அவன் பெண்சாதியும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். "ஆச்சி உள்ளதான் இருக்கு, போங்க" என்றார்கள்.

உள்ளே இருட்டு. முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னறையில் கட்டிலில் ஒரு சேலை மட்டும் கிடக்கிற மாதிரி இருந்தது. "யாரு?" என்று சத்தம் வந்தது. சொன்னேன், அருப்புக்கோட்டை என்று. உடனே வலது கை மட்டும் எழும்பி முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டது. இடது கை அப்படியே கிடந்தது.

பார்த்தாச்சு என்றானே, அந்த வாதம்.

ஏழு மாதமாக அப்படியே கிடக்கிறார். அந்த மகனும் மருமகளும் கெட்டவர்கள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சோறு மூடி வைத்திருந்தது, செம்பில் தண்ணீர் இருந்தது, விசிறி இருந்தது, கூப்பிடுவதற்கு ஒரு மணிகூட இருந்தது. எல்லாம் ஒரு ஸ்டூலில். ஸ்டூல் கட்டிலுக்கு இடது பக்கம். வலது பக்கம் சுவர். இடது பக்கம்தான் ஸ்டூல் போட இடம் இருக்கிறது, அதனால் போட்டிருக்கிறார்கள். ஆனால் எட்டுகிற கை வலது கை. அது சுவரைத்தான் தொட முடியும்.

நான் வாசலிலேயே நின்றேன். கேட்க வந்ததை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அவர்தான் முந்தானைக்குள்ளிருந்து, "அண்ணே, பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கூப்பிடுறீங்களா, கொஞ்சம் தண்ணி வேணும்" என்றார்.

போய்ப் பார்த்தேன். அதற்குள் அந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கு அவர் முறைக்குத் தங்கச்சி. ஆனாலும் பதினெட்டு வருடமாக முகம் பார்த்துப் பேசாத சம்பந்தி. நான் எப்படித் தொடுவது, நீங்களே சொல்லுங்கள். அவர் மல்லாந்தபடி கிடக்கிறார், தலை தாழ்ந்து கிடக்கிறது, அப்படியே தண்ணீர் கொடுத்தால் புரை ஏறும். குதிகால் இரண்டும் மெத்தையில் அழுந்திக் கிடக்கின்றன. இடது குதிகால் சிவந்து, தோல் மினுங்குகிறது. இன்னும் நாலு நாள் போனால் உடைந்துவிடும் என்று சிஸ்டர் சொல்லுவார், அந்தச் சிவப்பு.

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "தங்கச்சி, நான் கட்டிலை நகர்த்தப் போறேன்."

நகர்த்தினேன். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் போய் வலப்பக்கம் நின்றேன்.

"தலையணையை ஏத்தப் போறேன். பொறவு தண்ணி. தாடையைக் கொஞ்சம் இறக்கிக்கோங்க."

குடித்தார். கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் செம்பு முழுக்கக் குடித்தார். என் கை நடுங்கியது. ஆனாலும் கழுத்தில் ஒரு சொட்டு விடவில்லை.

"இடது கையை நெஞ்சு மேல வைக்கிறேன். முழங்காலை மடக்குறேன். இப்ப தோளையும் இடுப்பையும் தொடப்போறேன்."

கண்ணை மூடிக்கொண்டுதான் செய்தேன். கண்ணை மூடினாலும் எனக்குத் தெரியும், எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தினால் அந்த உடம்புக்கு எப்படி இருக்கும் என்று. நான் கிடந்தவன் இல்லையா. முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். என் தோள்துண்டை மடித்துக் கெண்டைக்காலுக்குக் கீழே வைத்தேன். குதிகால் அந்தரத்தில் நின்றது.

அவர் சொன்னார். "கனி கை மாதிரியே இருக்கு அண்ணே."

"என்னது?"

"அவளும் இப்படித்தான் சொல்லிச் சொல்லித் தொடுவா. ஞாயித்துக்கிழமை வருவால்லா. ஏதோ கிளாஸுக்குப் போறாளாம். அந்தக் கிளாஸுல எங்க மாமாதான் கெடந்து கெடந்து எனக்குச் சொல்லிக் குடுக்காங்கன்னா."

இருக்கன்குடி கோயில் எது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கூட வாம்மா, நான் வச்சுப் பாத்துக்கிறேன்னு வாராவாரம் கூப்பிடுறா. எடமெல்லாம் பாத்து வச்சிருக்காளாம். நான் முடியாதுன்னுட்டேன் அண்ணே. நீங்க ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க. சம்பந்தம் பண்ணுன வீடு என்ன சத்திரமா?"

நான் அங்கே ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. ஸ்டூலைத் தூக்கி வலது கைப் பக்கம் வைத்தேன். செம்பை நிரப்பி வைத்தேன். சேவுப் பொட்டலத்தைப் பிரித்து, கையெட்டும் இடத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டுவரை என்னால் நிமிர முடியவில்லை.

அந்த வார்த்தை அங்கே எப்படிப் போனது? என் வீட்டில், என் தட்டுக்கு முன்னால், நான் ரத்தினவேலைப் பற்றிச் சொன்னது. பொதுவாகச் சொன்னது. தினகரன் போய்ச் சொன்னானா, இவள் போய்ச் சொன்னாளா? வீட்டில் பேசுவது வெளியே போகிறது என்றால் என்ன குடும்பம் அது.

இப்போது என் சந்தேகத்தைக் கேளுங்கள். மற்றதெல்லாம் கதை, இதுதான் நான் உங்களிடம் கேட்க வந்தது. கனி என்னிடம் கேட்டிருக்கலாம் இல்லையா? 'மாமா, எங்கம்மாவைக் கொண்டுவந்து வைக்கட்டுமா' என்று ஒரு வார்த்தை. பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் என்ன கடித்தா விடுவேன்? கேட்கவில்லை. கேட்காமல், டாக்டரிடம் தனியாகப் பேசி, கோயில் என்று சொல்லிப் போய், என் அறையைச் சாண் போட்டு. சரி, அதுகூடப் போகட்டும். அன்றைக்கு மண்டபத்தில் திரும்பாமலே, 'எங்க மாமா வாசல்ல நிக்கிறாங்க' என்றாளே. நான் பின்னால் வருவேன் என்று தெரிந்தேதான் கிளம்பினாளா? என்னைக் கட்டிலில் படுக்கவைத்தால், கிடப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவரும் என்று கணக்குப் போட்டுத்தான் சொன்னாளா? அப்படியானால் பெரிய ஆள் அவள். நூல் பெட்டி எண்ணினவனையே எண்ணிவிட்டாள். இல்லை, ஏதோ தற்செயலாக வாயில் வந்ததா? எனக்குப் பிடிபடவில்லை. இன்றைக்குக் காலையில்கூட, எந்த ஊர்க் கல்யாணம், யார் பெண், யார் மாப்பிள்ளை என்று ஒன்றும் கேட்கவில்லை. எந்த வீட்டுப் பெண் அதைக் கேட்காமல் விடுவாள்?

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? சிரிக்கவில்லையா? சரி.

பந்தல்குடி தாண்டிவிட்டது, பார்த்தீர்களா. இன்னும் கொஞ்ச தூரம்தான்.

பையில் என்ன என்று பார்க்கிறீர்கள். டேப். எட்டயபுரத்தில் பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு கடையில் வாங்கினேன். அவள் சாண் போட்டதை நான் நம்பவில்லை. சாண் எல்லாம் ஒரு அளவா. சக்கர நாற்காலி உள்ளே போக வேண்டும் என்றால் நிலை அகலம் சரியாகத் தெரிய வேண்டும். அதைவிட, அவள் சுவரைத் தப்பாகப் பார்த்திருக்கிறாள். என் கட்டில் கிடக்கிற கிழக்குச் சுவர் ஓரமாகவே போடலாம் என்று பார்த்திருக்கிறாள். அங்கே தெற்கே தலை வைத்துப் படுத்தால் வலது கை சுவர்ப் பக்கம் போய்விடும். எட்டயபுரத்தில் என்ன நடந்ததோ அதேதான் இங்கேயும் நடக்கும். அத்தனை சனிக்கிழமை படித்து என்ன பிரயோசனம்? தெற்குச் சுவர் ஓரம் போட்டுக் கிழக்கே தலை வைத்தால்தான் வலது கை அறைப் பக்கம் இருக்கும். ஆனால் அங்கே என் பீரோ நிற்கிறது. பீரோ கூடத்துக்கு வர வேண்டும். பீரோ வந்தால் நானும் வர வேண்டும், என் சாமான் எல்லாம் அதில்தானே இருக்கிறது.

வரச் சொல் என்று நான் அவளிடம் சொல்லப்போவதில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை, கேட்காததற்கு நான் எதற்குப் பதில் சொல்ல வேண்டும். கல்யாணம் எப்படி இருந்தது என்று கேட்பாள். டேப்பை எடுத்துக் கொடுத்து, "ஒரு நுனியைப் பிடிம்மா" என்பேன். "கிழக்குச் சுவர் சரிவராது. வலது கை சுவருக்குள்ள போயிரும்" என்பேன். அவ்வளவுதான் சொல்வேன். அதற்கு மேல் என் வாயிலிருந்து ஒன்றும் வராது.

அப்போது அவள் முகத்தைக் கவனிக்கப் போகிறேன். திடுக்கிட்டால் தற்செயல். திடுக்கிடாமல் நுனியைப் பிடித்தாள் என்றால், எல்லாம் அவள் போட்ட கணக்கு.

கொஞ்சம் காலை நகர்த்துங்கள். நான் இறங்க வேண்டும்.